ஆடும் கரண்டி

திங்கட்கிழமை காலை, டோஸ்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே லார்ன் ஹ்ரின்சுக் சபதம் செய்தார்.

"வியாழக்கிழமை என் விதிகள் நிறைவேறணும். இல்லேன்னா மீசையை எடுத்துடறேன்."

"மீசை எங்கே இருக்கு?" என்றாள் மனைவி டார்லீன்.

பல்கலைக்கழகத்தின் இணையதளத்துக்கு லார்ன்தான் பொறுப்பு. பெயருக்குத்தான். பதின்மூன்று துறைகளும் ஆளுக்கொரு நிறத்தில் பக்கம் போட்டு வைத்திருந்தன. அவற்றில், செத்துப்போன பேராசிரியர் ஒருவர் இன்னும் மாணவர்களைப் புதன்தோறும் சந்தித்துக்கொண்டிருந்தார். இதை ஒழுங்குபடுத்த மூன்று வருடம் உழைத்து, நாற்பது பக்க விதித்தொகுப்பு எழுதியிருந்தார் லார்ன். வியாழக்கிழமை துறைத்தலைவர்கள் ஓட்டுப் போட வேண்டும். தோற்றால், மறுபடி பிரின்டருக்குக் காகிதம் மாட்டும் வேலைதான்.

"முதல் பலி, கேன்டீன்ல இன்னிக்கு என்ன சூப்னு சொல்ற பக்கம்! போட்டது யாருன்னே தெரியல. ரோஸ் எழுத்து. மேலே ஒரு கரண்டி வேற ஆடுது. அசிங்கம்!"

டார்லீன் அந்தப் பல்கலைக்கழக கேன்டீனில் சமையல்காரி. "தினம் நாலாயிரம் பேர் பாக்கறாங்களே, லார்ன்."

"நாலாயிரம் பேரும் தப்பு."

அன்றே தூக்கிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மைனஸ் முப்பது டிகிரி. இன்றைக்கு என்ன சூப் என்று தெரியாமல் எவன் பனியில் இறங்குவான்? சட்டத்துறைத் தலைவி பீட்ரூட் சூப்பை நம்பி மூன்று கட்டடம் தாண்டி நடந்தாள். பட்டாணி சூப் இருந்தது. மூக்குக் கண்ணாடியில் பனி உருக அங்கேயே நின்று அழுதாளாம்.

புதன்கிழமை பதின்மூன்று தலைவர்களும் போன் செய்தார்கள். பேச்சு ஒன்றுதான்: "சூப்பைக் கொண்டா, ஓட்டைக் கொண்டு போ."

சாயந்திரம் லார்ன் தொங்கிய முகத்தோடு வீடு வந்தார். "அந்தப் பக்கத்தைப் போட்டவன் யாருன்னு தெரிஞ்சா கால்ல விழுந்துடுவேன்."

"பனி பூட்ஸைக் கழட்டிட்டு விழு. நான்தான்."

"நீயா! காலங்கார்த்தால எழுந்து லேப்டாப்ல சீட்டு ஆடறேன்னு நெனச்சேனே!"

"எட்டு வருஷமா சூப் எழுதறேன்."

"திரும்பப் போட்டுடு, டார்லீன். என் தங்கமில்ல."

"எப்படி? உன் நாலாம் விதிப்படி, பக்கத்துக்குப் பொறுப்பாளர் ஒரு அதிகாரியா இருக்கணும். நான் வெறும் கரண்டி பிடிக்கிறவ."

"நீ... என் விதியைப் படிச்சியா?"

"நாற்பது பக்கமும்."

லார்னுக்குக் கண் கலங்கிவிட்டது. முழுசாகப் படித்த முதல் ஆள்! அந்த நெகிழ்ச்சியில், பக்கத்தைத் திரும்பப் போட அவள் நீட்டிய படிவத்தில் 'பொறுப்பாளர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டதால் படிக்கவில்லை.

வியாழக்கிழமை விதிகள் ஏகமனதாக நிறைவேறின. கரண்டி ஆட வேண்டும் என்பது ஒன்றுதான் திருத்தம்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணி. டார்லீன் அவர் தோளைத் தட்டினாள்.

"எந்திரி. பதினொன்றாம் விதி. பொறுப்பாளர் தினமும் அஞ்சரைக்குள்ள பக்கத்தைத் தன் கையாலேயே புதுப்பிக்கணும். வேற யார் தலையிலும் கட்டக் கூடாது."

"அப்படியா எழுதியிருக்கேன்?"

"கொட்டை எழுத்துல. இன்னிக்குக் காளான் சூப்."

அவள் போர்வையை இழுத்துத் தலை வரை மூடிக்கொண்டாள். லார்ன் குளிரில் நடுங்கியபடி, ரோஸ் நிறத்தில், காளான் சூப் என்று அடித்தார்.

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கரண்டி ஆடுதா, லார்ன்?"

"ஆடுது."