பிளம்பர் காலேஜுக்குப் போனார்

"இங்க சத்தமே போடக் கூடாதுங்களா?" என்று பிளம்பர் கேட்டதில், நூலகத்தில் படித்துக்கொண்டிருந்த அத்தனை தலைகளும் நிமிர்ந்தன.

நூலகர் அம்மா உதட்டில் விரலை வைத்தார்.

"சரிங்கம்மா! போடல!" என்றார் பிளம்பர், அதைவிடச் சத்தமாக.

அவர் மேல் தப்பில்லை. ஓடுகிற மோட்டாருக்கும் கொட்டுகிற தண்ணீருக்கும் மேலே பேசிப் பேசிப் பழகிய தொண்டை அது. மொட்டை மாடியில் நின்றுகொண்டு, கீழே வால்வைப் பிடித்தபடி நிற்கிற மனைவியிடம் "மூடு! மூடு! ஐயோ, திறக்காதே!" என்று கத்துகிறவருக்குக் கிசுகிசுப்பு எங்கிருந்து வரும்?

அந்தத் தொண்டையோடு அவர் கல்லூரி நூலகத்தில் உதவியாளராக வந்து சேர்ந்ததற்குக் காரணம் மகள். அதே கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் துள்ளிக் குதித்தார்கள். ஃபீஸ் எவ்வளவு என்று பார்த்ததும் குதித்தவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

"லோன் போடுங்களேன். எல்லாரும் அதானே பண்றாங்க" என்றாள் மனைவி.

"உன் தம்பியைப் பாரு. லோன் போட்டுப் படிச்சான். வேலைக்குப் போனான், கல்யாணம் பண்ணான், முடி கொட்டிப்போச்சு. லோன் மட்டும் அப்படியே இருக்கு."

"அப்படியே இல்ல மாமா" என்றான் மச்சினன் பரிதாபமாக. "கொஞ்சம் ஏறியிருக்கு."

அதோடு லோன் பேச்சு முடிந்தது.

"அப்ப வரவேண்டிய காசையாவது வசூல் பண்ணுங்க. தெருவுல பாதிப் பேர் உங்களுக்குக் கூலி பாக்கி."

"தெரிஞ்சவங்ககிட்ட எப்படிடி கேக்குறது?"

"தெரியாதவங்ககிட்டயும்தான் நீங்க கேக்குறதில்லையே!"

அப்போதுதான் அவருக்கு அந்த விஷயம் காதில் விழுந்தது. நிரந்தர ஊழியர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கல்லூரியில் ஃபீஸ் கிடையாது. காலியாக இருந்ததோ நூலக உதவியாளர் வேலை ஒன்றுதான். அதுவும் தற்காலிகம். முதல் பருவம் முடிவதற்குள் நிரந்தரம் ஆகிவிட்டால் ஃபீஸ் இல்லை. ஆகாவிட்டால் மொத்த ஃபீஸையும் ஒரே மூச்சில் கட்ட வேண்டும். அதற்கு லோனைத் தவிர வேறு கதியில்லை.

பிளம்பர் ஸ்பேனர் பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். போனை மனைவியிடம் கொடுத்தார்.

"யாராவது கூப்பிட்டா, காலேஜுக்குப் போயிருக்காருன்னு சொல்லு."

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சிரிப்புக்கு வட்டி கிடையாது."

முதல் வாரமே நல்ல பேர் வாங்கிவிட வேண்டும் என்று, நூலகர் அம்மா சாப்பிடப் போன நேரத்தில் ஒரு அலமாரி முழுவதையும் இறக்கித் தன் முறைப்படி திரும்ப அடுக்கினார்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்றார் திரும்பி வந்த நூலகர்.

"சைஸ் வாரியா அடுக்கிட்டேம்மா. குழாய்க் கடையில சாமானெல்லாம் இப்படித்தான். அரை இஞ்சு ஒரு பக்கம், முக்கால் இஞ்சு ஒரு பக்கம். இனிமே கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்."

நூலகர் அம்மா உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது முடிவெடுத்திருந்தார்.

"நிரந்தரம் ஆகணும்னா நூலகச் சான்றிதழ் படிப்பு முடிச்சிருக்கணும். இங்கேயே வகுப்பு நடக்குது. போய்ச் சேருங்க."

"நான் படிக்கணுமா?"

"நீங்கதான். புத்தகங்களைக் காப்பாத்த எனக்கு வேற வழி தெரியல."

வகுப்பு நடந்தது அவருடைய வேலை நேரத்தில். மேஜையைக் காலியாக விட்டுவிட்டுப் போக முடியாது. நூலகர் அம்மாவோ மதியம் முழுக்கக் கண்ணாடி அறைக்குள் கணக்குப் பார்ப்பார்.

"எனக்கு அந்த நேரம் வகுப்பு இல்லப்பா. நான் உக்காந்துக்கிறேன்" என்றாள் மகள்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. மகள் கேட்ட புத்தகத்தைக் கேட்ட நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தாள். பேச்சும் மெதுவாக, காதுக்கு இதமாக இருந்தது. நூலகத்தில் கூட்டம் சேர்ந்தது. பிளம்பரோ வகுப்பு முடிந்த பிறகும் ஆசிரியரை விடாமல் சந்தேகம் கேட்டார். அவர் திரும்பி வருவதற்குள் மகளுடைய பொருளாதார வகுப்பு ஆரம்பித்துவிடும். மேஜைக்கு முன்னால் வரிசை நிற்கும்.

"அப்பா, எனக்கு வகுப்பு போகுது!"

"நீ இந்தக் கூட்டத்தைச் சமாளி கண்ணு. என்னால ஆகாது. நான் போய் உன் வகுப்புல உக்காந்து எழுதிட்டு வந்துடுறேன்."

"உங்களுக்குப் பொருளாதாரம் புரியுமா?"

"எனக்கு எதுக்குப் புரியணும்? கையெழுத்து உனக்குப் புரிஞ்சா போதாதா?"

கடைசி பெஞ்சில் நரைத்த மீசையோடு ஒருவர் தலை குனிந்து எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் பொருளாதாரப் பேராசிரியருக்கு வியர்த்தது. ஆய்வு பண்ண மேலிடத்திலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

"சார், போதுமான அளவு விளக்குறேனா?" என்றார் பணிவாக.

"இன்னொரு தடவை சொன்னா நல்லா இருக்கும்" என்றார் பிளம்பர்.

வட்டிக்கு வட்டி எப்படி ஏறுகிறது என்பதைப் பேராசிரியர் கரும்பலகை நிறைய எழுதிக் காட்டினார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

"ஐயோ மச்சான்!"

அன்று முதல் அவர் கேட்டபோதெல்லாம் பாடம் மறுபடி நடந்தது. மற்ற வகுப்புகள் மூன்றாவது பாடத்தில் இருக்க, இவர்கள் முதல் பாடத்திலேயே நின்றார்கள். ஆனால் அந்த முதல் பாடத்தில் யாரை எழுப்பிக் கேட்டாலும் சொன்னார்கள்.

வீட்டில் பிளம்பருக்கு நிமிர நேரமில்லை. சான்றிதழ் பாடம் ஒரு பக்கம், மகளுக்காக எழுதிய பாடத்தைச் சுத்தமாகத் திரும்ப எழுதுவது ஒரு பக்கம். மகள் களைத்துப்போய் வந்ததும் தூங்கிவிடுவாள்.

"என்னங்க, துருப்பிடிச்ச நட்டு கழல மாட்டேங்குது. என்ன பண்றது?" என்றாள் மனைவி ஒரு நாள்.

"மண்ணெண்ணெய் விட்டு ஊற வை" என்றார் தலையைத் தூக்காமல்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"பரீட்சை முடியட்டும்."

"நல்ல விஷயம்தாங்க."

"நல்ல விஷயம்னா கெட்டா போயிடும்? அப்புறம் சொல்லு."

பரீட்சைக்கு முந்தைய வாரம், பேராசிரியரால் பயத்தை அடக்க முடியவில்லை. பிரின்சிபாலிடம் போய்ச் சொல்லிவிட்டார். பிரின்சிபால் கோட்டை மாட்டிக்கொண்டு வகுப்புக்கே வந்துவிட்டார்.

"நீங்க வந்திருக்கிறது எங்களுக்கு முன்னாடியே தெரியாம போச்சு. மன்னிக்கணும். வாங்க, காலேஜைச் சுத்திக் காட்டுறேன்" என்று பிளம்பரின் கையைப் பிடித்தார்.

"இல்லைங்க, எனக்கு வேலை இருக்கு..."

"தெரியும் சார். உங்க வேலை எவ்வளவு பொறுப்பானதுன்னு எங்களுக்குத் தெரியாதா? முதல்ல எங்க நூலகத்தைப் பாருங்க. அதான் எங்களுக்குப் பெருமை."

பிளம்பர் வாசல் பக்கம் நழுவப் பார்த்தார். பிரின்சிபால் விடாமல் அழைத்துப் போனார். நூலகக் கதவை அவரே திறந்துவிட்டார்.

"பார்த்தீங்களா, எவ்வளவு அமைதி! இங்க வேலை பார்க்கிற பொண்ணு ரொம்பத் திறமைசாலி."

மேஜையில் இருந்த மகள் எழுந்து நின்றாள். "அப்பா!" என்றாள்.

நூலகர் அம்மா கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். பிரின்சிபால் பிடித்திருந்த கையையும், அந்தக் கைக்குச் சொந்தக்காரரையும் பார்த்தார்.

"சார், இவரை எதுக்கு நீங்க கூட்டிட்டு வர்றீங்க? இவரு நம்ம உதவியாளர்."

"உதவியாளரா? அப்ப இந்தப் பொண்ணு?"

"இதுவா? இது..." நூலகர் அம்மாவும் அப்போதுதான் யோசித்தார். "இது யாரு?"

பிளம்பர் முதல்முறையாக, யாருக்கும் கேட்காத குரலில் பேசினார். "என் பொண்ணுங்க. படிக்க வந்தது."

பிரின்சிபால் நல்ல மனிதர். மகளை ஒன்றும் சொல்லவில்லை. "நாளையிலேர்ந்து நீ வகுப்புல உக்காரு. நீங்க வேலைக்கு வர வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். பின்னாலேயே வந்திருந்த பேராசிரியரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அப்பாவும் மகளும் அலுவலகத்துக்கு நடந்தார்கள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னாலதானேப்பா."

"சும்மா இரு. நீ அந்த மேஜையில உக்காந்திருந்தப்போ எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா? படிப்பை விடக் கூடாது. லோனுன்னா லோனு. முடி கொட்டினா கொட்டட்டும்."

ஃபீஸ் கவுன்டரில் இருந்த கிளார்க், மகளின் அடையாள அட்டையை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டினார்.

"லோன் போடணும் சார், பேங்குக்கு ஒரு லெட்டர் வேணும்" என்றார் பிளம்பர். "இவ ஃபீஸுக்கு. மொத்தமும் கட்டணும்."

கிளார்க் திரையைப் பார்த்தார். பிளம்பரைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"லோன் எதுக்குங்க? ஃபீஸ் முழுசும் போன மாசமே வந்தாச்சு. ஹாஸ்டல்லயும் பிரின்சிபால் வீட்டுலயும் குழாயெல்லாம் மாத்திட்டு, கூலி கைக்கு வர்ற வரைக்கும் மெயின் வால்வைத் திறக்க மாட்டேன்னு பிரின்சிபாலையே குளிக்க விடாம நிறுத்தி வச்சாங்களே ஒரு பிளம்பரம்மா, அவங்க உங்க வீட்டுக்காரம்மாதானே?"