சோலர் வீட்டுக் குகதாசன்

தைப்பொங்கல் சாப்பாட்டு மயக்கத்தில் மறுநாள் வெயிலேறி எழும்பிய குகதாசன், கிணற்றடிக்குப் போய்ப் பம்பின் சுவிச்சைப் போட்டார். பம்ப் முனகக்கூட இல்லை. வீட்டிலும் கரண்ட் இல்லை. முந்தநாள் நட்ட வெங்காயம் வாடத் தொடங்கியிருந்தது. உச்சிக்கு முன் தண்ணீர் விடாவிட்டால் அவ்வளவும் நாசம்.

அந்த ஒழுங்கையில் கூரைக்குச் சோலர் பூட்டிய ஒரே மனிசன் அவர். "சூரியன் இருக்குமட்டும் என்ரை வீட்டிலை கரண்ட் நிக்காது" என்று நீர்வேலி முழுக்கக் கதைத்தவர். கேட்டுத் தலையாட்ட மனைவி உதயகலாவும் வீட்டில் இல்லை. புத்தூரில் தங்கை வீட்டு மாடுகளுக்குப் பொங்க விடியவே போய்விட்டாள்.

சோலர் தகட்டில் தூசியாக்கும் என்று ஏணி வைத்து ஏறி, தொட்டித் தண்ணீர் முழுவதையும் ஊற்றிக் கழுவினார். தகடு பளபளத்தது. பம்ப் அசையவில்லை. இப்போது முகம் கழுவவும் தண்ணீர் இல்லை.

பூட்டித் தந்த சுரேசுக்குப் போன் அடித்தார்.

"அண்ணை, லைன் கரண்ட் வருதோ?"

"இல்லை. கரண்ட் கட் போலை."

"அப்ப லைனோடை பூட்டின சோலரும் நிண்டிடும். லைனிலை வேலை செய்யிற ஆக்களுக்குக் கரண்ட் அடிக்கக் கூடாதெல்லே. உங்கடையிலை பற்றறியும் இல்லை."

"உதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொன்னனான். நீங்கள் கூரையைப் படம் எடுத்துக்கொண்டு நிண்டியள்."

இனி ஒரே வழி, பக்கத்துத் தோட்டத்து நமசிவாயம். அவரிடம் தண்ணீர் இறைக்கும் மண்ணெண்ணெய் மிசின் இருந்தது. "நிலத்துக்குக் கீழை இருக்கிற எண்ணெய் ஒருநாள் முடிஞ்சுபோம், அண்ணை" என்று போன கிழமைதான் அவரைச் சீண்டியிருந்தார் குகதாசன். இப்போது வேலியோரம் போய்த் தலையைச் சொறிந்தார்.

"என்ன தம்பி, சூரியன் முடிஞ்சுபோச்சோ?" என்றார் நமசிவாயம். அவ்வளவுதான். மிசினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மிசினைக் கிளப்பக் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். மோட்டார் சைக்கிளிலிருந்து உறிஞ்சப்போன குகதாசன் ஒரு வாய் விழுங்கினார். முதலில் குழாயை நிரப்பினால்தான் மிசின் இழுக்கும், அதற்குத் தண்ணீர் வேண்டும். அதுதான் கூரையால் வழிந்துவிட்டதே. கிணற்றிலிருந்து வாளியால் அள்ளி அள்ளி உள்ளங்கை உரிந்தது. கடைசியில் மிசின் பிடித்தது, கக்கிய புகையில் அவருடைய வேட்டி கறுத்தது.

தண்ணீர் வாய்க்காலில் ஓடி வெங்காயத்தைத் தொட்டபோது குகதாசனுக்குக் கண் கலங்கிவிட்டது. நமசிவாயத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இந்த உதவியைச் சாகுமட்டும் மறக்கமாட்டன், அண்ணை."

அதுவும் போதாதென்று மிசினையும் தொட்டுக் கும்பிட்டார். அது நன்றாகவே சுட்டது.

அந்நேரம் பொங்கல் பானையோடு உதயகலா வந்து சேர்ந்தாள்.

"இஞ்சை பாரும், இந்தக் கரண்ட் கட்டாலை நான் பட்ட பாட்டை" என்றார் குகதாசன்.

"கரண்ட் எங்கையப்பா கட்? பட்டிப்பொங்கலுக்கு மாடுகளுக்கு ஓய்வு குடுக்கிறம், வருசம் முழுக்க எங்களுக்கு உழைச்ச சோலருக்கும் ஒருநாள் குடுப்பம் எண்டு நான்தான் மெயின் சுவிச்சுக்குப் பொட்டு வைச்சுக் கும்பிட்டு, நிப்பாட்டிப்போட்டுப் போனனான்."