மாப்பிள்ளைக் காடு

அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தை மாமியார் வீட்டில் போய் விளக்கக் கூடாது. எனக்கு இது புரிந்தபோது என் இடுப்பு போய்விட்டிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் குமாஸ்தாவாக இருந்தேன். கல்யாணமாகி எட்டு மாதம். எழுமலையில் என் மாமியார் பதினாறு மாடுகள் வைத்திருந்தார். அவை மேய்ந்த நான்கு ஏக்கர் சரளைக் காட்டில் புல் வருடா வருடம் மெலிந்துகொண்டே வந்தது. உழுது புதிதாக விதைக்கலாம் என்று மச்சினன் செல்வம் ஏரை எடுத்தான். நான்தான் தடுத்தேன். உழுதால் இருக்கிற புல்லும் செத்து, மேல்மண்ணும் மழையோடு போய்விடும். உழாமல், புல்லுக்கு நடுவிலேயே லேசாகக் கீறி முயல் மசால் விதைக்க வேண்டும் என்றேன். (அது மாடுகள் விரும்பித் தின்னும் ஒரு தீவனச் செடி. நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். அதுவும் ஒருநாள் வேளாண்மை முகாமில், மதியச் சாப்பாட்டுத் தூக்கம் வரும்வரை.)

மாமியார் செல்வத்தை ஏரை இறக்கி வைக்கச் சொன்னார். "மாப்ள சொல்றாக. செய்யட்டும்" என்றார்.

சிம்மக்கல்லில் விதை வாங்கி, மடியில் மூட்டையோடு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். விதைத்தோல் கெட்டி, சுடுநீரில் போட்டால்தான் முளைக்கும் என்று முகாமில் சொல்லியிருந்தார்கள். போட்டேன். பிறகு களைக்கொத்தோடு ஏழு நாள் கீறினேன். முதல் நாள் விசிலடித்தேன். மூன்றாம் நாள் மனைவி முதுகில் எண்ணெய் தேய்த்தாள். ஆறாம் நாள் தவழ்ந்தேன். காட்டில் மாடு இறங்கக் கூடாது என்று நான் சொல்லிவிட்டதால், செல்வம் தினமும் மலையடிவாரம் வரை மாடுகளை ஓட்டிப் போனான்.

நல்ல மழை பெய்தது. ஒரு மாதம் ஆகியும் ஒன்றும் முளைக்கவில்லை. ஞாயிறுதோறும் போய் மண்டியிட்டுத் தேடினேன். ஒருநாள் ஒரு பச்சை இலையைக் கண்டு எல்லோரையும் கூப்பிட்டேன். அது நெருஞ்சி. பால் குறைந்தது. செல்வத்துக்குக் குதிகால் வெடித்தது. அவன் என்னிடம் பேசுவதை நிறுத்தி, என் காதில் விழும்படி மாடுகளிடம் பேச ஆரம்பித்தான்.

கடைசியில் மாமியார்தான் கேட்டார். "விதைய எம்புட்டு நேரம் மாப்ள சுடுதண்ணியில போட்டீக?"

அடுப்பிலேயே முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டதைச் சொன்னேன். ஐந்து நிமிடம் என்று முகாமில் சொன்ன மாதிரி ஞாபகம். நேரம் கூடினால் முளைப்பும் கூடும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சுண்டலுக்கே அம்புட்டு நேரம் வேணாம் மாப்ள."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் குரலில் அலுப்பு மட்டும்தான் இருந்தது. அந்தக் கோடையில் தீவனமில்லாமல் இரண்டு மாடுகளை விற்றார்கள். விற்ற அன்று நான் மதுரையிலேயே இருந்துகொண்டேன்.

அடுத்த மழைக்கு அவரே விதை வாங்கி, இறக்கி வைத்த வெந்நீரில் ஐந்தே நிமிடம் போட்டு, உழாமல் விதைத்தார். மசால் முழங்கால் உயரம் வந்தது. யோசனை என்னவோ சரிதான் என்று ஊரெல்லாம் சொன்னார். காட்டுக்கும் என் பெயரே நிலைத்துவிட்டது.

இன்றும் செல்வம், "மாப்பிள்ளைக் காட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்றுதான் கிளம்புகிறான். கேட்கிற வெளியூர்க்காரர்கள், அது எனக்குச் சீதனமாக வந்த நிலம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை. என் மனைவி விடாமல் திருத்துகிறாள்.