காரணத்தக்காவும் என் முன்னூறு ரூபாயும்

உலகத்தில் எந்த முதலாளியையும் வாயடைக்க வைக்கக்கூடியவர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் காரணத்தக்காதான். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

ஒரத்தநாடு பக்கம் ஒரு ரைஸ்மில் ஆபீஸ். ஊர் இளவட்டமெல்லாம் பாஸ்போர்ட்டும் கையுமாக அலைந்த காலம். விசா வரும்வரை நானும் அங்கே பில் எழுதினேன். பக்கத்து நாற்காலியில் அக்காவுக்கும் அதே வேலை. சொல்லப்போனால் எனக்கு அந்த வேலையைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஆனால் சம்பளம் எனக்குத்தான் முன்னூறு ரூபாய் கூட.

ஒண்ணாந்தேதி கவரைப் பிரித்ததும் அக்கா எழுந்து நிற்பார்.

"காரணம் சொல்லுங்க முதலாளி."

"ஆம்பளைக்குக் குடும்பம்னு ஒண்ணு இருக்குல்லம்மா."

எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. மறுநாள் அக்கா மாமியார், இரண்டு பிள்ளைகள், ஒரு ஆடு சகிதம் வந்து நின்றார்.

"குடும்பம், முதலாளி. எண்ணிக்குங்க. வீட்டுக்காரர்தான் வரல. மஸ்கட் போயி ரெண்டு வருஷமா கடுதாசியும் இல்ல, காசும் இல்ல."

ஆடு அதற்குள் முதலாளியின் காலண்டரில் ஆடி மாசம் வரை தின்றுவிட்டது.

அடுத்த மாசம் காரணம் மாறியது. "ஒரு அவசரம்னா ஆம்பள மூட்டை தூக்குவான்மா."

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, தூக்குங்க பாப்போம்."

தூக்கினேன். மூட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. நான்தான் நாலு நாள் படுக்கையில் கிடந்தேன். அந்த நாலு நாள் பில்லையும் அக்காவே எழுதினார். முழுச் சம்பளத்தையும் வெட்கமில்லாமல் நான் வாங்கிக்கொண்டேன்.

"வெளியூர் போகணுமேம்மா" என்றார் முதலாளி அதற்கடுத்த மாசம். அக்கா லாரியில் ஏறி வேளாங்கண்ணிக்கு அரிசி இறக்கிவிட்டு வந்தார். "மாதாகிட்ட உங்களுக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்தினேன் முதலாளி. அடுத்த தடவையாவது நல்ல காரணமா கிடைக்கட்டும்னு."

எனக்கு விசா வந்தது. என் நாற்காலிக்கு ஆள் தேடி முதலாளி அலையோ அலை என்று அலைந்தார். எழுதப் படிக்கத் தெரிந்த ஆம்பளைகளெல்லாம் எனக்கு முன்னாலேயே விமானம் ஏறியிருந்தார்கள். துபாய்க்கு அக்காவின் கடிதம் வந்தது.

"தம்பி, உங்க சீட்டு எனக்குத்தான். அதே சம்பளம் இல்லாட்டி நானும் நின்னுக்கிறேன்னு சொன்னேன். குடுத்துட்டார். காரணமெல்லாம் தீந்துபோச்சாம்."

அதே வாரம்தான், பக்கத்து மேசை வேற்று நாட்டுக்காரனுக்கு என் வேலைக்கே இரண்டு மடங்கு சம்பளம் என்று தெரிந்தது. மேனேஜர் அறை வாசல்வரை போனேன். காரணம் கேட்க வாய் வரவில்லை. திரும்பிவந்து உட்கார்ந்துகொண்டேன்.

அக்கா, ஒவ்வொரு ஒண்ணாந்தேதியும் நீங்கள் தனியாகத்தான் எழுந்து நின்றீர்கள். நான் தலையைக் குனிந்து பில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு தடவையாவது உங்க பக்கத்துல நானும் எழுந்து நின்னிருக்கணும் அக்கா.