ரம்பம் கொடுத்து எண்ணெய் சொல்லாத மைத்துனனுக்கு

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நீயும் உன் மனைவி மக்களும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். இங்கே நானும் உன் அக்காவும் உடம்பளவில் நலம். மனதளவில் எப்படி என்பதை இந்தக் கடிதம் முடிவதற்குள் நீயே தெரிந்துகொள்வாய்.

நான் ஓய்வு பெற்ற அன்று உன் மரக்கிடங்கிலிருந்து ஒரு மெஷின் ரம்பத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, "வெச்சுக்குங்க அத்தான், வீட்டுல ஒண்ணு கெடந்தா எதுக்காவது ஆகும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேருந்தைப் பிடித்துப் போனாய். அது என்ன குடிக்கும் என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு வருடம் பரண்மேல் சாதுவாகக் கிடந்தது. போன மாதக் காற்றில் நம் கொல்லை மரத்தின் பெரிய கிளையொன்று பாதி முறிந்து, பக்கத்து வீட்டுத் தையற்காரம்மாவின் தகரக் கூரைக்கு நேர்மேலே தொங்கிக்கொண்டு நின்றது. அந்தக் கூரைக்கு அடியில்தான் அந்த அம்மாள் தனியாக உட்கார்ந்து நாள் முழுக்கத் தைக்கிறார். உன் அக்கா, "மரம் வெட்டுற ஆளைக் கூப்பிடுங்க" என்றாள். வீட்டிலேயே மெஷின் இருக்கும்போது ஆள் எதற்கு என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். கிளை இறங்கும்வரை அந்த அம்மாள் நம் கூடத்திலேயே தைக்கட்டும் என்று உன் அக்கா முடிவு செய்தாள். தையல் மெஷின், வெட்டும் மேசை, துணி மூட்டைகள் எல்லாம் வந்து சேர்ந்தன. என் சாய்வு நாற்காலி கழிவறைக்குப் பக்கத்துக்குப் போனது.

கடைக்குப் போய், மெஷின் ரம்பத்துக்கு எண்ணெய் வேண்டும் என்றேன். கடைக்காரர், "டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா சார்?" என்றார். இந்த வயதில் எனக்கு ஒரு ஸ்ட்ரோக்கும் வராமல் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த டப்பாவை வாங்கி வந்தேன். முப்பத்துநான்கு வருடம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அமிலம் அளந்து கொடுத்தவன் நான் என்பது உனக்குத் தெரியும். நானே ஒரு கணக்குப் போட்டு, ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் பெட்ரோலில் அளந்து கலந்தேன். மெஷினைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்ற நேரத்தில் மெஷின் ஒரு முறை இருமி, கொல்லை முழுக்கப் புகையைக் கக்கிவிட்டு அணைந்துபோனது. தையற்காரம்மா ஒரு பள்ளிக்கூடத்துக்காகத் தைத்து, அலசிக் கொடியில் போட்டிருந்த வெள்ளைச் சட்டைகள் நாற்பத்தேழும் சாம்பல் நிறமாகிவிட்டன. கடைக்காரரிடம் போய்க் கத்தினேன். அவர் அசரவில்லை.

"எந்த ஸ்ட்ரோக்குன்னு கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலை, ரம்பத்துக்குன்னுதான சார் கேட்டீங்க. ரம்பத்தோட சங்கிலில விடுற எண்ணெய் அது. இன்ஜினுக்குன்னா வேற. அதுக்குப் பெட்ரோல்ல கலக்குற டூ-டி ஆயில் கேக்கணும்."

ஒரே மெஷினுக்கு இரண்டு எண்ணெய், இரண்டு தொட்டி. இதைச் சொல்ல உனக்கு என்ன வலித்தது?

வரும் வழியில் எதிர்வீட்டுப் படகுக்காரர் பிடித்துக்கொண்டார். "கடைல எதுக்கு வாங்குறீங்க? என் படகு பதினஞ்சு வருஷமா இந்த எண்ணெய்லதான் ஓடுது. அந்த இன்ஜினும் டூ ஸ்ட்ரோக்குதான்" என்று அரை பாட்டிலைக் கையில் திணித்தார். எவ்வளவு கலக்க வேண்டும் என்று கேட்டேன். "கண்ணால பாத்து ஊத்துவேன்" என்றார். அளவுக் குடுவையோடு வாழ்ந்தவனுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? ஆனாலும் பழைய கலவையைக் கொட்டிவிட்டு இதை ஊற்றினேன். கிளப்பிய உடனே ஓடியது. ஏணியில் ஏறுவதற்கு முன் கை பழகட்டும் என்று கீழே கிடந்த கட்டைகளை அறுத்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடத்தில் கிரீச்சென்று ஒரு சத்தம். கயிறு அதற்குப் பிறகு அசையவே இல்லை.

மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "படகு இன்ஜினுக்குத் தண்ணி சூட்டைக் கொறைக்கும். இதுக்குக் காத்து மட்டும்தான். அந்த எண்ணெய் இந்தச் சூட்டுக்குத் தாங்காது. பாருங்க, பிஸ்டன்ல கோடு விழுந்திருக்கு. காத்துல ஆறுற இன்ஜினுக்குன்னு போட்ட எண்ணெய்தான் ஊத்தணும். அஞ்சு லிட்டருக்கு நூறு மில்லி. இந்த மெஷினுக்கு அதுதான் கணக்கு. கலந்ததை மாசக்கணக்குல வெச்சிருக்கவும் கூடாது" என்றார். ஐந்து லிட்டருக்கு நூறு மில்லி. இவ்வளவுதான் விஷயம். இதை உன்னால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அந்தக் கைப்பிடியில் கட்டி அனுப்ப முடியவில்லை.

ஒன்பது நாளாகக் கிளை அங்கேயே தொங்குகிறது. காற்றடித்தால் நான் கொல்லைக்கு ஓடி அண்ணாந்து பார்க்கிறேன். கூடத்தில் காலையிலிருந்து மாலைவரை தடதடவென்று தையல் சத்தம், அதற்கு மேலே இரண்டு பெண்களின் சிரிப்பு. அது என்னைப் பற்றித்தான். நான் உள்ளே போனால் நிற்கிறது. நேற்று என் செருப்புக்குள் ஊசி இருந்தது. ஆகவே சொல்கிறேன், இந்த ஞாயிற்றுக்கிழமை நீயே நேரில் வந்து உன் ரம்பத்தை எடுத்துக்கொண்டு போ. வராவிட்டால் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுவேன். எனக்கு இனி எந்த இயந்திரமும் வேண்டாம், கூடத்தில் என் நாற்காலியும் நிம்மதியும் போதும்.

பிள்ளைகள் நன்றாகப் படித்து, எதைக் கொடுத்தாலும் விவரம் சொல்லிக் கொடுக்கிறவர்களாக வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
தோள் வலியுடன்,
உன் அத்தான்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். நான் விட்டுவந்த ரம்பத்தை மெக்கானிக் சரிசெய்து, சரியான எண்ணெய் கலந்து, அவரே கொண்டுவந்து கிளையைக் கயிறு கட்டி அறுத்து இறக்கிவிட்டார். கயிற்றைப் பிடித்தது நான். தகரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ரம்பத்தை நான் யாருக்கும் தருவதாக இல்லை. தையற்காரம்மாள் சாமான்களோடு வீட்டுக்குப் போய் இரண்டு நாளாகிறது. கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்கிறது. உன் அக்கா என்னிடம் மொத்தமாக நான்கு வார்த்தை பேசியிருக்கிறாள், அதில் இரண்டு "ம்". நானே போய், எங்கள் கூடத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, அங்கேயே வந்து தையுங்கள் என்று அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தேன். நீ ஞாயிற்றுக்கிழமை அவசியம் வர வேண்டும். அந்த வெட்டும் மேசை ஒரு ஆள் தூக்குகிற கனமில்லை.