கையை ஆட்டிச் சொன்ன நன்றியுரை

மைக்கைப் பார்த்தால் எனக்கு நாக்கு உள்ளே போய்விடும். பெண் பார்க்கப் போன வீட்டில் இந்த விஷயத்தை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சம்பளம் கேட்டார்கள், சொன்னேன். பரம்பரையில் சர்க்கரை உண்டா என்று சுற்றி வளைத்துக் கேட்டார்கள், இல்லை என்றேன். “ஆபீஸ்ல என்ன வேலை?” என்று வருங்கால மாமனார் கேட்டபோது மட்டும் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது.

“தினமும் வெளிநாட்டுக்காரங்ககூட மீட்டிங் சார். பேசிக்கிட்டே இருக்கணும்.”

(அந்த மீட்டிங்குகளில் நான் பேசியதெல்லாம் “ஹலோ, கேக்குதா?” என்பதும் “சாரி, மியூட்ல இருந்துட்டேன்” என்பதும்தான்.)

மாமனார் சங்கரலிங்கம் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். மீசையும் நடையும் போலீஸ்காரர்களே பொறாமைப்படும்படி இருக்கும். ஊரில் கடை வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் முட்டி போட்டவர்கள். அவரோடு கடைத்தெருவில் நடந்தால், வேட்டியை மடித்துக் கட்டியிருக்கும் பெரிய மனிதர்கள் எல்லாம் சட்டென்று இறக்கிவிடுவார்கள். எனக்கும் அவர் முன்னால் உட்கார்ந்தால் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் அவர் வீட்டு நாற்காலியில் நான் சாய்ந்ததில்லை.

அவர் ஓய்வு பெற்றபோது பழைய மாணவர்கள் கூடி விழா எடுத்தார்கள். பத்திரிகை கைக்கு வந்ததும் கடைசி வரியைப் பார்த்தேன். நன்றியுரை என்று போட்டு, பக்கத்தில் என் பெயர்.

“ஏட்டி கோமதி, எனக்குப் பேச வராதுன்னு ஒங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரேன்” என்று மனைவியிடம் கெஞ்சினேன்.

“நான் எப்படிச் சொல்லுவேன்? வெளிநாட்டுக்காரனுக்கே பாடம் எடுக்குத மாப்பிள்ளைன்னு ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியுதாவ. நீங்க அளந்த கதைக்கு நீங்கதான் பேசணும்.”

வேறு வழியில்லாமல், விழாவுக்கு ஒரு வாரம் முன்பே சென்னையிலிருந்து தென்காசிக்கு வந்து, போனில் வீடியோ பார்த்துப் பேசக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். கோட்டு போட்ட ஒருவர் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி ரகசியங்களை அவிழ்த்துவிட்டார். வாயைவிடக் கை அதிகம் பேச வேண்டும்; முக்கியமான வரி வந்தால் இரண்டு கையாலும் காற்றை வெட்ட வேண்டும். கூட்டத்தில் நம்மைக் கவனிக்கும் ஒரு முகத்தைப் பிடித்துக்கொண்டு, அவரிடமே பேச வேண்டும். கடல் இரைச்சலை மீறிப் பேசிப் பழகினால் குரல் திறக்கும்.

“தென்காசியில கடலுக்கு எங்க போக?” என்றேன்.

“அருவி கெடக்குல்லா அத்தான்!” என்றான் மச்சினன் முருகேசன். அவன் பைக்கிலேயே கிளம்பினோம்.

நல்ல சாரல் நேரம். பழைய குற்றாலத்தில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. குளிக்கிற கூட்டத்தை விட்டு ஒதுங்கி, ஒரு பாறைமேல் நின்று, வலது கையை உயர்த்தி, “அவையில் வீற்றிருக்கும் பெரியோர்களே!” என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். எண்ணெய் தேய்த்துவிடுகிற அண்ணாச்சி ஒருவர் கிண்ணத்தோடு ஓடி வந்தார்.

“கூப்பிட்டீயளோ?”

“இல்ல அண்ணாச்சி, பேசிப் பழகுதேன்.”

அவர் முருகேசனைத் தனியாகக் கூப்பிட்டு, “தலைக்கு நல்லாத் தேய்ச்சா எல்லாம் சரியாயிரும் தம்பி” என்று ஆறுதல் சொன்னார். எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. அந்த வாரம் முழுக்கப் போய் அருவியிடம் கத்தினேன். அருவி ஒரு நாளும் எழுந்து போகாதது பெரிய ஊக்கமாக இருந்தது.

விழா நாளும் வந்தது. மண்டபம் நிறைந்துவிட்டது. ஆளாளுக்குத் தாங்கள் வாங்கிய அடியைப் பெருமையாகச் சொன்னார்கள். பழைய மாணவர்கள் சேர்ந்து மாமனாருக்கு ஒரு வெள்ளி விசில் பரிசளித்தார்கள். அவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேடையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கடைசியாக என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நன்றியுரை என்றால் ‘இலை போட்டாச்சு’ என்று பொருள். நான் மைக்கைத் தொடுவதற்குள் பின்வரிசை காலி. முன்வரிசைக்காரர்களும் ரசத்தின் வாசனை வந்த பக்கம் திரும்பிவிட்டார்கள். நம்மைக் கவனிக்கும் முகத்தைத் தேடினேன். ஒரே ஒருவர் கண் இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் பெட்டிகளுக்கு நடுவே இருந்த மைக்செட்காரர் பரமசிவம். இவர்தான் நம் ஆள் என்று முடிவு செய்து, அவர் கண்ணைப் பார்த்துக் கையை மேலே உயர்த்தினேன்.

“உயர்ந்த உள்ளம் கொண்ட எங்கள் மாமா...”

மேடையில் நின்று தன்னையே பார்த்துக் கையை உயர்த்துகிறவன் என்ன கேட்கிறான்? சவுண்டு கேட்கிறான். அவர் கூட்டினார். நானோ அருவியில் பழகிய குரலில் கத்தினேன். இரண்டும் சேர்ந்து ஸ்பீக்கர் ‘கூ...’ என்று ஊளையிட்டது. முன்வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. பதறிப்போய், “அடக்கமே உருவான...” என்று கையை மெல்லக் கீழே இறக்கினேன். அவரும் மெல்லக் குறைத்தார்.

“கேக்கல!” என்று பந்திப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

மறுபடி உயர்த்தினேன், மறுபடி ஊளை. வீடியோக்காரர் சொன்ன கடைசி ஆயுதத்தை எடுத்தேன். “இப்படி ஓர் ஆசிரியர் இனிமேல் கிடையாது!” என்று இரண்டு கைகளாலும் காற்றைக் குறுக்கே வெட்டினேன். பரமசிவம் மைக்கை ஒரேயடியாக அணைத்துவிட்டார்.

வெறும் வாய் அசைந்தது. மைக்கைத் தட்டினேன், சத்தமில்லை. கரண்டு போய்விட்டது, கடவுள் காப்பாற்றினார் என்றே நினைத்தேன். மேடைக்குக் கீழே நின்ற கோமதியைக் கையசைத்துக் கூப்பிட்டேன். அந்தக் கையசைப்பும் பரமசிவத்தின் கண்ணில் பட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

“ஏட்டி, எறங்கிரட்டுமா? ஒங்க அப்பா வேற மொறைக்காரு. இப்பமும் அவரப் பாத்தா எனக்குக் கால் நடுங்குது. முட்டி போடச் சொல்லிருவாரோன்னு பயமா இருக்கு.”

மண்டபத்தின் எல்லா ஸ்பீக்கரிலும், வாசலில் கட்டியிருந்த குழாயிலும், பந்தி நடந்த கூடத்திலும் அது கணீரென்று ஒலித்தது. அன்று நான் பேசியதில் திருத்தமாகக் கேட்டது அது ஒன்றுதான்.

கோமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் ராத்திரியே சென்னைக்குப் பஸ் ஏறிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது பந்திப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

“எங்களுக்கும் இன்னும் அப்படித்தாம்லே இருக்கு, மாப்ள!”

மண்டபம் வெடித்தது. சிரிப்பு, விசிலடி, கைதட்டல். யார் கத்துகிறார் என்றே தெரியவில்லை. மாமனார் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. வெள்ளி விசிலை வாயில் வைத்து நீளமாக ஒரு ஊது ஊதினார்.

அடுத்த நொடி அத்தனை பேரும் எழுந்து விறைப்பாக நின்றார்கள். நகைக்கடைக்காரர், வக்கீல், தொப்பை வைத்த கான்ட்ராக்டர், எல்லாரும். பந்தியிலிருந்தவர்கள் சாம்பார் ஒழுகும் கையோடு நின்றார்கள். அவரிடம் படிக்காத நானும், எதற்கென்றே தெரியாமல், மேடையில் குதிகால் சேர்த்து நின்றேன்.

மாமனார் அந்த நரைத்த தலைகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மீசை துடித்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்ததாகக் கோமதி பிறகு சொன்னாள்.

“போதும்லே, போய்ச் சாப்பிடுங்க” என்று கூட்டத்தைக் கலைத்துவிட்டு என்னிடம் வந்தார். முதல்முறையாக என் தோளில் கை போட்டார்.

“நல்லாப் பேசினீங்க மாப்ள. நன்றின்னு ஒரு வார்த்தைதான் சொல்லாம விட்டுட்டீங்க.”

சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் பரமசிவம் என்னைப் பிடித்துக்கொண்டார். “எத்தனையோ மேடைக்கு மைக்கு கட்டிருக்கேன் சார். ஒருத்தரும் நம்மள ஏறெடுத்துப் பாக்க மாட்டாவ. நீங்க கடைசி வரைக்கும் கரெக்டா சிக்னல் குடுத்தீங்க” என்றார். அவர் முகத்திலிருந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் குடும்ப விசேஷங்களில் நன்றியுரை எனக்கே எழுதி வைத்ததாகிவிட்டது. ஒரே நிபந்தனை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேச வேண்டும். பந்தியில் சோறு போதும் என்று இலைமேல் கையைக் காட்டினால், “அத்தான் சவுண்ட கொறைக்கச் சொல்லுதாரு” என்று முருகேசன் ஆரம்பித்துவிடுவான். இப்போது என் மகளும் சேர்ந்துகொண்டாள். வீட்டில் டிவி ரிமோட்டைக் காணவில்லையென்றால் அவள் தேடுவதே கிடையாது.

“அப்பா, கையத் தூக்குங்க” என்கிறாள்.