பனியன் வேஸ்ட் தொங்கவிட்ட அறை

பாதி படித்துவிட்டுக் காரியத்தில் இறங்குகிறவன், ஒன்றுமே படிக்காதவனைவிட ஆபத்தானவன். எண்பதுகளின் கடைசியில் எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான்.

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். அப்பா இல்லை, வீட்டில் அம்மாவும் நானும்தான். இரண்டு ஸ்பீக்கரோடு ஒரு ஸ்டீரியோ டேப் ரெக்கார்டர் வாங்கிப் பின்னறையில் வைத்தேன். சிமென்ட் சுவர், சிமென்ட் தரை, மேலே கான்கிரீட். பாடகர் கிணற்றுக்குள்ளிருந்து பாடினார். கை தட்டினால் சுவர் திருப்பித் தட்டியது (எனக்கு வாய்த்த ஒரே ரசிகர்).

மெத்தென்ற பொருள் எதிரொலியைக் குடித்துவிடும் என்று பழைய பத்திரிகை ஒன்றில் போட்டிருந்தது. அடுத்த பக்கம் கிழிந்திருந்தது. அதுபற்றி நான் கவலைப்படவில்லை. திருப்பூரில் மெத்தென்ற பொருளுக்கா பஞ்சம்? கம்பெனியில் கேட்டு, துணி வெட்டியதில் மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் கொண்டுவந்தேன். அம்மா அதைச் சாக்குகளில் அடைத்து, கோணி ஊசியால் தட்டையான மெத்தைகளாகத் தைத்துக் கொடுத்தார். நான்கு சுவரிலும் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். ஜன்னலை அடைத்தேன். கதவிடுக்கெல்லாம் பனியன் துணியைத் திணித்தேன்.

ஒரு ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். பாடகர் இப்போது கம்பளி போர்த்திக்கொண்டு பாடினார். டிரம் மட்டும் முன்பைவிட அதிர்ந்தது. மெல்லிய மெத்தை கீச்சுச் சத்தத்தைத்தான் குடிக்கும், கனத்த சத்தத்தை ஒன்றும் செய்யாது என்பது அந்தக் கிழிந்த பக்கத்தில் இருந்திருக்கலாம். வால்யூமைக் கூட்டினேன். கேசட்டைத் திருப்பிப் போட்டபோது அறையில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. அந்த அமைதியை நினைத்துப் பெருமைப்பட்டேன். இரண்டாம் பக்கத்தின் நடுவில் டிரம் திடீரென்று துல்லியமாகக் கேட்டது. பலித்துவிட்டது என்று கண்ணை மூடித் தலையாட்டினேன்.

அது டிரம் இல்லை, கதவு. பக்கத்து லைன் வீட்டில் குடியிருந்த தூத்துக்குடிக்காரர், அந்தோணி அண்ணன், உதைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா பாத்ரூம்ல விழுந்து கெடக்காங்க தம்பி. எவ்வளவு நேரமா ஒன் பேரச் சொல்லிக் கூப்பிடுதாங்க. எங்க வீட்டுக்குக் கேக்கு, ஒனக்குக் கேக்கலியா?"

என் அறையிலிருந்து பத்தடி தள்ளி, ஈரத் தரையில் அம்மா கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. காரில் என் மடியில் தலைவைத்துப் படுத்தபடி அவர் கேட்டது ஒன்றுதான்.

"பாட்டு இப்ப நல்லாக் கேக்குதா கண்ணு?"

கேலி இல்லை. சாக்கு தைத்தவர், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். கேட்கிறது என்று சொன்னேன்.

எதிரொலியைக் குறைப்பது வேறு, வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் தடுப்பது வேறு என்று பிறகு தெரிந்துகொண்டேன். முதலாவதை அரைகுறையாகவும், இரண்டாவதைத் தெரியாமலே கச்சிதமாகவும் செய்திருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மாவுக்கு அந்த அறையில்தான் கட்டில் போட்டோம். சாக்குகளையெல்லாம் கழற்றிவிட்டேன். சுவர் பழையபடி ஆனது. அம்மாவின் ஒவ்வொரு முனகலும் எனக்கு இரண்டு முறை கேட்டது.

அதற்குப் பிறகு அவர் தடி இல்லாமல் நடக்கவில்லை. எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பெண் வீட்டாரிடம் சொன்னார்: "பையன் தங்கமானவனுங்க. ஆனா கூப்பிட்டாப் பத்தாதுங்க, கதவ ஒதைக்கோணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்களாகின்றன. வீட்டுக்கு யார் வந்தாலும் இப்போது என் மனைவி அதைச் சொல்கிறாள், அம்மாவின் குரலிலேயே. வந்தவர்கள் சிரித்து முடித்த பிறகு நானும் சிரிக்கிறேன்.